கும்மிக்கு வரும் கால் வாசப்படிக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. பார்க்கின்சன் என்று சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. நாலு வேளை மாத்திரை சாப்பிடுகிறார். கை நடுக்கத்தைவிட இப்போது நடைதான் பெரிய தொல்லை. ஆசாரத்திலிருந்து (வீட்டு முன்கூடம்) வாசலுக்கு வரும்போது வாசப்படிகிட்ட கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார். இளவயதில் ஒயில் கும்மி ஆடியவர். போன நோம்பிக்குக் கோயில் மைதானத்தில் கும்மி நடந்தபோது ஜமாப்பு மேளச் சத்தம் கேட்டதும் எழுந்து போய் இரண்டு பாட்டுக்கு ஆடிவிட்டார். அதைப் பார்த்த அத்தை, "ஆட்டத்துக்கு மட்டும் காலு வருதாக்கும், வூட்டுக்குள்ள மட்டும் வராதா?" என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவே இல்லை. ஈரோட்டில் பார்க்கும் நரம்பு டாக்டர் உடற்பயிற்சி கட்டாயம் என்கிறார். வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏற்றி டவுனுக்குக் கூட்டிப்போக எங்களுக்குத் தோதுப்படாது. வீட்டிலேயே ஆட வைக்கலாமா? யூட்டியூபில் வெளிநாட்டு வீடியோக்கள் இருக்கின்றன. எதைப் பார்த்துச் செய்வது? விழுந்துவிட்டால் என்ன செய்வது? வருகிற கும்மி அரங்கேற்றத்தில் ஆடியே தீருவேன் என்கிறார், விடலாமா? சொந்தக்காரர் ஒருவர் பூனைக்காலிப் பொடி கொடுத்திருக்கிறார். அதைத் தரலாமா?
- வாசகி, அரச்சலூர் அருகே

பதில்: அம்மிணி, முதலில் இந்தப் பத்தியை அத்தையிடம் படித்துக் காட்டுங்கள். மாமா நடிக்கவில்லை. இந்தச் சந்தேகம் உங்கள் வீட்டில் மட்டும் வருவதில்லை. பார்க்கின்சன் உள்ள பல வீடுகளில் வெளியே சொல்லாத மனக்கசப்பே இதுதான். "டாக்டர்கிட்டப் போனா நல்லா நடக்கறாரு, வூட்டுல வந்தா நடக்க மாட்டேங்கறாரு" என்று என்னிடம் சொல்லாத மனைவிமார் குறைவு. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த நோயே அப்படிப்பட்டது.

நாம் நடக்கும்போது அடுத்த காலை எடுத்து வை என்று யோசிப்பதில்லை. யோசிக்காமல் நடக்கும் அந்தப் பழக்கத்தை மூளையின் அடியில் இருக்கும் சில நரம்புத் திரள்கள் பார்த்துக்கொள்கின்றன. அவற்றுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே வருவதுதான் பார்க்கின்சன். கால் தசைக்கு ஒன்றும் ஆகவில்லை. தானாகக் கிளம்ப வேண்டிய உத்தரவுதான் வரவில்லை. வெளியிலிருந்து ஒரு தாளம் காதில் விழுந்தாலோ, தரையில் ஒரு கோடு கண்ணில் பட்டாலோ, மூளை பழுதான பாதையை விட்டுவிட்டு வேறு வழியாக அந்த உத்தரவைக் காலுக்கு அனுப்பிவிடுகிறது. செல்ஃப் எடுக்காத வண்டியை உதைத்துக் கிளப்புவதில்லையா, அந்த மாதிரிதான். என்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது.

அத்தைக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் இதையும் சொல்லுங்கள். நெதர்லாந்தில் 58 வயதுக்காரர் ஒருவர். பத்து வருடமாகப் பார்க்கின்சன். கால் ஒட்டிக்கொண்டு சில அடிகளுக்கு மேல் நடக்க முடியாத நிலை, நடக்கச் சொன்னால் விழுந்துவிடுவார். அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் ஓட்டினார். இறங்கிய உடனே கால் மறுபடியும் ஒட்டிக்கொண்டது. அவருடைய மருத்துவர்கள் இதைப் படம் பிடித்து 2010-ல் உலகின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். மாமாவுக்குக் கும்மி எப்படியோ, அவருக்குச் சைக்கிள் அப்படி. (இதைப் படித்துவிட்டு மாமாவை ரோட்டில் சைக்கிள் ஓட்ட விட்டுவிடாதீர்கள்.)

ஆக, வீட்டில் ஆட வைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: தாராளமாக. சொல்லப்போனால், மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் தேடிப்பிடித்துக் கொடுக்க வேண்டிய சாவியை உங்கள் மாமா தானே கண்டுபிடித்துவிட்டார்.

வெளிநாட்டு வீடியோ தேவையில்லை. அவை மோசம் என்று சொல்லவில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மாரிஸ் நடனக் குழு 2001-ல் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கென்று நடன வகுப்பு தொடங்கி, அது பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் அர்ஜென்டினா டாங்கோ ஆட வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், ஆடியவர்களுக்கு பேலன்ஸ் கூடியதைப் பதிவு செய்தார்கள். டாங்கோவில் அப்படி என்ன இருக்கிறது? தாளத்துக்கு அடி வைக்கிறார்கள், நின்று நின்று மறுபடி கிளம்புகிறார்கள், முன்னும் பின்னும் போகிறார்கள், திரும்புகிறார்கள், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறது. இவை அத்தனையும் ஒயில் கும்மியில் உண்டு. அதற்கு மேல் பாட்டும் உண்டு. அறுபது வயதுக்கு மேல் புரியாத பாஷையில் புது ஆட்டம் கற்றுக்கொள்வதைவிட, இருபது வயதில் உடம்பில் ஊறிப்போன ஆட்டத்தைத் திருத்தி ஆடுவது சுலபம். மாமா அதை விரும்பிச் செய்வார் என்பது அதைவிடப் பெரிய விஷயம். விரும்பாத பயிற்சியை யாரும் மூன்று மாதத்துக்கு மேல் செய்து நான் பார்த்ததில்லை.

ஆனால் மைதானத்தில் ஆடுகிற கும்மியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. சில இடங்களைத் திருத்தியே ஆக வேண்டும்.

முதலில் வேகம். கும்மிப் பாட்டு மெதுவாகத் தொடங்கிப் போகப் போகச் சூடுபிடிக்கும், முடிவில் துடும்பும் ஜமாப்பும் பறக்கும். பார்க்கின்சன்காரருக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் ஆபத்து. வேகம் கூடும்போது அவர்களின் அடி சிறுத்துக்கொண்டே போகும், கால்கள் பின்தங்கி உடம்பு முன்னால் ஓடும், முடிவு தரையில்தான். மாமா மருந்து பிடித்து நன்றாக நடமாடும் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று போனில் நேரம் வைத்து எண்ணுங்கள். 90 என்று வந்தால், பாட்டின் தட்டு நிமிடத்துக்கு 80-லிருந்து 90-க்குள் இருக்கட்டும். கால் ஒட்டும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தாளத்தைக் கூட்டக் கூடாது, கொஞ்சம் குறைவாக இருந்தால் நல்லது. யூட்டியூபில் பாட்டின் வேகத்தை 0.75 என்று குறைக்கும் வசதி இருக்கிறது. குரல் சற்று இழுவையாகக் கேட்கும், மாமாவுக்குச் சிரிப்பு வரும், வரட்டும். துரித காலம் தொடங்கும் இடத்தில் பாட்டை நிறுத்திவிடுங்கள். இதைவிடச் சுலபம், அத்தை பாடிக் கை தட்டுவது. எந்த இடத்தில் கால் தடுமாறுகிறது என்று பார்த்து வேகத்தை இழுத்துப் பிடிக்க மெஷினுக்குத் தெரியாது, அத்தைக்குத் தெரியும்.

அடுத்தது குனிவது. கும்மியில் இடுப்பை வளைத்துக் கீழே ஒரு தட்டு, நிமிர்ந்து மேலே ஒரு தட்டு என்று வரும். இந்த நோயிலும் இதற்குத் தரும் மாத்திரையிலும் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது சகஜம். சரேலென்று குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். ஆகவே கீழ்த் தட்டு வேண்டாம். இடுப்பு உயரத்தில் ஒன்று, நெஞ்சுக்கு நேராக ஒன்று, தலைக்கு மேல் ஒன்று போதும். தலைக்கு மேல் தட்டும்போது முழங்கை நீண்டிருக்க வேண்டும், கண் விரல் நுனியைப் பார்க்க வேண்டும். கூன் விழுந்துகொண்டே வரும் முதுகுக்கு அதைவிட நல்ல நிமிர்த்தல் கிடையாது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு, எழுந்து நின்றதும் ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், டாக்டரிடம் சொல்லாமல் நிற்கும் ஆட்டம் வேண்டாம். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்தே கையும் காலும் ஆடட்டும்.

திரும்புவதுதான் எல்லாவற்றிலும் சிக்கல். இளவட்டங்கள் ஒற்றைக் காலில் ஊன்றிச் சுழன்று திரும்புவார்கள். மாமா அப்படித் திரும்பினால் பாதம் தரையில் சிக்கி உடம்பு மட்டும் சுற்றும். கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து ஆறு என்று போவதுபோல், ஒரு வட்டத்தின் மேல் நடந்து திரும்ப வேண்டும். அரை வட்டம் திரும்ப ஆறு அடி, ஒவ்வொரு அடியிலும் முட்டி மேலே வரட்டும். பின்னால் வைக்கும் அடி முதல் இரண்டு மாதத்துக்கு வேண்டாம். அதன் பிறகும் சுவரையோ, ஜன்னல் கம்பியையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான்.

நான்காவது, ஆட்டத்தின் அளவு. பார்க்கின்சனில் அசைவுகள் சுருங்கிக்கொண்டே போகின்றன. எழுத்து பொடியாகிறது, குரல் தேய்கிறது, கை வீச்சு நின்றுபோகிறது. வேடிக்கை என்னவென்றால், சுருங்கியது அவருக்கே தெரியாது. ஒரு முழம் வீசினால் ஒரு கஜம் வீசியதாக அவருடைய மூளை கணக்கு வைத்துக்கொள்கிறது. அதனால் "நல்லா ஆடுங்க மாமா" என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. சுவரில் தலைக்கு மேல் ஒரு அடி உயரத்தில் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, "இந்தக் கோட்டுக்கு மேல கை போகோணும்" என்று சொல்லுங்கள். தரையில் கோடுகள் போட்டு, "ஒவ்வொரு கோட்டையும் தாண்டிக் கால் வைங்க" என்று சொல்லுங்கள். "இவ்வளவு பெருசா ஆடுனா கோமாளியாட்டம் இருக்குமே" என்று அவர் கூச்சப்படுகிற அளவுதான் மற்றவர்கள் பார்வைக்குச் சாதாரண அளவு. போனில் வீடியோ எடுத்து அவரிடமே காட்டுங்கள், பெரும்பாலும் ஆச்சரியப்படுவார்.

பாட்டையும் அவரே பாட வேண்டும். வாத்தியார் ஒரு வரி பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற முறை இதற்கென்றே அமைந்தது. மாமா வாத்தியார், அத்தை பின்பாட்டு. வாசலில் இருப்பவருக்குக் கேட்கிற சத்தத்தில் பாடினால், தேய்ந்துகொண்டு வரும் குரலுக்கும் சேர்த்து வைத்தியம் நடக்கும்.

அத்தையும் கூட ஆடினால் இன்னும் நல்லது. "பொம்பளைங்க ஒயில் கும்மி ஆடறதா?" என்று அந்தத் தலைமுறையில் சிலருக்குத் தயக்கம் இருக்கலாம். வள்ளி ஒயில் கும்மியில் பெண்களையும் பழக்கிய கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-ல் பத்மஸ்ரீயே கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். இப்போது நம் பக்கத்து அரங்கேற்றங்களில் பெண்கள்தானே அதிகம்.

அரச்சலூர் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. உங்கள் ஊர் மலைப்பாறையில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய தாள எழுத்துகள் இருப்பது தெரிந்திருக்கும். த தை தா தை த என்று வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரிகள், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக வரும். அதை அடிக்கணக்காக வைத்துப் பாருங்கள். ஐந்து ஒற்றைப்படை என்பதால் முதல் வரியை வலது காலில் தொடங்கினால் அடுத்த வரி தானாக இடது காலில் தொடங்கும். நோய் அதிகமாகத் தாக்கிய பக்கத்துக் காலை முன்னால் வைக்கத் தயங்குகிறவர்களுக்கு இது நல்ல பயிற்சி. மாமாவுக்கு நான்கடிக் கணக்கு தெளிவாக வந்த பிறகு இதைத் தொடங்கலாம்.

எந்த நேரத்தில் ஆடுவது? மாத்திரை போட்டு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு உடம்பு இளகும். மாமாவுக்கு எப்போது இளகுகிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பார்த்து, அந்த நேரத்தை ஆட்டத்துக்கு ஒதுக்குங்கள். இங்கே சாப்பாட்டு விஷயம் ஒன்று இருக்கிறது. அவர் சாப்பிடுவது, மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையாகத்தான் இருக்கும். குடலிலும் மூளையின் வாசலிலும் அது புரதத்தோடு முட்டிமோதித்தான் உள்ளே போக வேண்டும். ஒரு தட்டு அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யை ஊற்றிச் சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போட்டால், பருப்பு முந்திக்கொள்ளும், மாத்திரை பின்தங்கும். அப்புறம் "இன்னைக்கு மாத்திரையே கேக்கல" என்பார். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும், பால் வேண்டாம். பருப்பையே நிறுத்திவிடாதீர்கள், இந்த நோயில் உடம்பு இளைப்பதும் ஒரு தொல்லை. நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

இடம் ஆசாரமே போதும். களத்தில் ஆடலாம் என்று தோன்றும். தரை மேடு பள்ளம் இல்லாத சிமெண்ட் களமாக, பகல் வெளிச்சத்தில் என்றால் சரி. கோழி, நாய்க்குட்டி, காயப்போட்ட தேங்காய்ப் பருப்பு எதுவும் குறுக்கே கிடக்கக் கூடாது. எல்.பி.பி. (கீழ்பவானி) வாய்க்கால் மேட்டில் தனியாக நடக்க விடவே வேண்டாம். காலில் மரத்துப்போன உணர்ச்சியோ சர்க்கரைப் புண்ணோ இல்லாவிட்டால் வெறுங்காலில் ஆடலாம். ஹவாய் செருப்பு கூடவே கூடாது, தேய்த்து நடக்கும் காலில் அது மடங்கும். வேட்டி தழையத் தழையக் கட்டியிருந்தால் கரை பெருவிரலில் சிக்கும். மடித்துக் கட்டட்டும், இல்லாவிட்டால் டவுசர்.

விழுந்துவிடுவார் என்ற அத்தையின் பயம் நியாயமானது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் இந்த வயதில் பல மாதம் பின்னுக்குப் போய்விடும். ஆனால் அந்தப் பயத்தில் அவரை நாற்காலியிலேயே உட்கார வைத்தால், தொடைச் சதை வற்றி, அப்புறம் நிச்சயமாக விழுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. சுவர் மூலையை முதுகுக்குப் பின்னால் வைத்து, முன்னால் ஒரு கனமான நாற்காலியைப் போட்டு, நடுவில் ஆட வையுங்கள். வேட்டிக்கு மேல் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட் வீட்டில் இருக்குமே, அதைக் கட்டிவிட்டு, நோய் அதிகமுள்ள பக்கமாக அரை அடி பின்னால் ஒருவர் நின்றுகொள்ளுங்கள். சாய்ந்தால் பெல்ட்டைப் பிடியுங்கள். கையைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை போகும், அவரும் சாய்வார், நீங்களும் சாய்வீர்கள்.

வாசப்படிக்கு வருகிறேன். அங்கே கால் நின்றதும் வீட்டில் எல்லோரும் சொல்வது "வாங்க, வாங்க, காலை எடுத்து வைங்க". அவசரப்படுத்தினால் ஒட்டு இன்னும் இறுகும். முன்னால் நின்று கையை இழுப்பது அதைவிட மோசம். மாமாவுக்கு இதைப் பழக்குங்கள்: கால் நின்றால், நடக்க முயல்வதையே நிறுத்திவிட வேண்டும். நிமிர்ந்து, மூச்சு விட்டு, பாரத்தை வலது காலுக்கும் இடது காலுக்குமாக இரண்டு மூன்று தடவை மாற்றி ஆட வேண்டும், கும்மியில் பாட்டு எடுக்குமுன் இடத்திலேயே அசைவார்களே, அப்படி. பாட்டின் முதல் வரியை வாய்விட்டோ மனதுக்குள்ளோ எடுத்து, தட்டு விழும் இடத்தில் ஒரே ஒரு பெரிய அடி. அதோடு, வாசப்படிக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று குறுக்குக் கோடுகளாக மஞ்சள் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். கோட்டுக்குக் கோடு அவருடைய நல்ல அடி நீளம் இருக்கட்டும், பலருக்கு அது 40 முதல் 50 சென்டிமீட்டர் வரும். கண் வாசப்படியைப் பார்க்காமல் அதைத் தாண்டியுள்ள கோட்டைப் பார்க்க வேண்டும். மார்கழியில் வாசலில் போடுகிற பெரிய கோலத்தைப் பார்த்துத் திகைத்து நின்றுவிடுகிறவர்களும் உண்டு. நடைபாதையை விட்டுத் தள்ளிக் கோலம் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆட்டம் மட்டும் போதுமா என்றால், போதாது. இதில் நான் கொஞ்சம் கறார். பேலன்ஸுக்கும் நடைக்கும் மனசுக்கும் ஆட்டம் அருமை, ஆனால் மூச்சு வாங்க வைக்கும் பயிற்சியும் தசைக்கு வலு தரும் பயிற்சியும் தனியாக வேண்டும். நெதர்லாந்தில் 130 பேரை வைத்து நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நோயின் ஆரம்ப நிலையில் இருந்தவர்கள் வீட்டிலேயே நிலையான சைக்கிளை வாரம் மூன்று நாள், 30 முதல் 45 நிமிடம் மிதித்தார்கள். ஆறு மாதம் கழித்து, மருந்தின் பிடி இல்லாத நேரத்தில் சோதித்தபோது, வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட அவர்களுடைய உடல் அசைவு மேலாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டில் செய்த பயிற்சி என்பதைக் கவனியுங்கள். இதய நோய் இல்லை என்று டாக்டர் சொன்னால், பழைய சைக்கிளின் பின் சக்கரம் தரையில் படாதபடி ஆடாத ஸ்டாண்டில் மாட்டியும் மிதிக்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த அளவு மூச்சு வாங்கினால் சரி. கும்மியில் மாமா முழுப் பாட்டையும் சௌகரியமாகப் பாடி முடிக்கிறார் என்றால், அன்றைக்குச் சைக்கிள் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

வலுவுக்கு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்துப் பத்தாக இரண்டு தவணை, வாரம் இரண்டு மூன்று நாள். கயிற்றுக் கட்டிலில் படுக்கிறார் என்றால் மாற்றிவிடுங்கள். தொய்ந்த கட்டிலில் புரண்டு படுப்பதும் எழுவதும் அவருக்குப் பெரும்பாடு.

ஒரு எச்சரிக்கை. ஆட்டமும் பயிற்சியும் இந்த நோயைக் குணமாக்காது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்கிற எந்த இடத்துக்கும் போகாதீர்கள். மாத்திரையின் அளவை டாக்டர் சொல்லாமல் குறைக்கவும் கூடாது.

டவுனுக்கு வர முடியாது என்று எழுதியிருந்தீர்கள். தமிழ்நாடு அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். வருகிறவரிடம் நான் எழுதியதைக் காட்டி, மாமாவை ஒரு தடவை ஆடச் சொல்லிப் பார்த்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள். நேரில் பார்க்கிற கண்ணுக்குத் தெரிவது எனக்கு உங்கள் கடிதத்தில் தெரியாது. இன்னொன்று, 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பார்க்கின்சனும் இருக்கிறது. பலர் இது தெரியாமலேயே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அரங்கேற்றத்துக்கு விடலாம், என் நிபந்தனைகளோடு. வரிசையின் ஓரத்தில் நிற்க வேண்டும், நடுவில் நின்றால் பின்னால் வருகிறவர்கள் இடிப்பார்கள். பக்கத்தில் உங்கள் கணவர் நின்று ஆடட்டும், ஆடத் தெரியாவிட்டால் இப்போதே கற்றுக்கொள்ளட்டும். மெதுவான முதல் இரண்டு மூன்று பாட்டோடு வெளியே வந்துவிட வேண்டும். அரங்கேற்றம் இரவில் என்றால் பெரும்பாலும் சொன்ன நேரத்துக்குத் தொடங்காது. மேடையில் பொன்னாடை போர்த்தி முடியவே ஒரு மணி நேரம் ஆகும். அதனால் மாத்திரை நேரத்தை நோட்டீஸில் போட்ட நேரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டாக்டர் சொன்ன நேரத்திலேயே மாத்திரையைக் கொடுங்கள். உடம்பு இளகியிருக்கும்போது பாட்டு தொடங்கினால் ஆடட்டும், இல்லாவிட்டால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பின்பாட்டுப் பாடட்டும். ஆட்டக்காரர்களுக்கு இது பிடிக்காது, தெரியும். வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவர் பக்குவமாகப் பேசிக்கொள்வார்.

கடைசியாகப் பூனைக்காலிப் பொடி. அது வெறும் நாட்டு மருந்து, சேர்த்துக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். பூனைக்காலி விதையில் இருப்பதும் லெவோடோபாதான், மாமாவின் மாத்திரையில் இருக்கும் அதே சரக்கு. எந்தப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் டப்பாவுக்கு டப்பா மாறும். மாத்திரைக்கு மேல் அதையும் கொடுத்தால் கை கால் தானாக நெளிவது, குமட்டல், ரத்த அழுத்தம் இறங்குவது, ராத்திரியில் இல்லாத ஆள் இருப்பதாகத் தெரிவது எல்லாம் வரலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு அதை மட்டும் கொடுப்பது அதைவிட ஆபத்து. ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். அடுத்த முறை ஈரோட்டுக்குப் போகும்போது அந்த டப்பாவையும், மாத்திரை நேரம் குறித்த நோட்டையும், வாசப்படியில் அவர் நிற்கும் வீடியோவையும் கும்மி ஆடும் வீடியோவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.